'தட்டி விளிச்சு' என்று ஜெனோ சொன்னது

எனது பெயர் முத்துவடிவு. வயது 66. காலஞ்சென்ற நெல்லையப்பன் அவர்களின் மனைவி. தென்காசி மாவட்டம் மேலகரம் கீழத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியையாக வேலை பார்த்து, கடைசியாக வீரகேரளம்புதூர் பக்கம் ஓய்வு பெற்றேன். எனக்கு இடது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. வலது கை நன்றாக இருப்பதால், விசாரணை அதிகாரி அவர்களின் அனுமதியுடன் இந்த வாக்குமூலத்தை நானே என் கைப்பட எழுதித் தருகிறேன்.

கடந்த திங்கட்கிழமை அதிகாரி அவர்கள் என் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது, என்னை எந்த வண்டியும் இடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க. தலையில ஏழு தையல் போட்டிருக்கு. அடிபட்ட தலையில இருந்து வருத ஞாபகத்த நான் எத நம்பி எழுத?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நல்ல கேள்விக்கு அவசரமாகப் பதில் எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வந்தவள் நான். ஆகையால் இரண்டு நாள் யோசித்து, எனக்கு நேரில் தெரிந்ததைத் தனியாகவும், பிறரிடம் கேட்டு அறிந்ததைத் தனியாகவும் பிரித்து எழுதுகிறேன்.

இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருப்பவர் ஜெனோ, வயது 27, கேரள மாநிலம் அஞ்சல் என்ற ஊரைச் சேர்ந்த மினி லாரி ஓட்டுநர். அவர் சாலையின் தவறான பக்கம் வேகமாக வந்து என் ஸ்கூட்டரில் மோதிக் கொடுங்காயம் ஏற்படுத்தியதாக முதல் தகவல் அறிக்கை இருக்கிறது. அவருடைய லாரியும் ஓட்டுநர் உரிமமும் காவல் நிலையத்தில் இருப்பதாகவும், அந்த உரிமத்தை ரத்து செய்யப் பரிந்துரை போக இருப்பதாகவும் அறிகிறேன். உரிமம் போனால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அவர் என்னை இடித்தவர் அல்லர். நான் இன்று உட்கார்ந்து எழுதுவதே அவரால்தான். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

22.07.2025 செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஆடிச் செவ்வாய் என்பதால் இலஞ்சி குமாரர் கோயிலுக்குப் போக என் ஸ்கூட்டரில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, செங்கோட்டை சாலைக்கு வந்து, மேற்குப் பார்த்து இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். இந்தச் சாலை கொல்லத்தில் தொடங்கி ஆரியங்காவு வழியாக மலை இறங்கி, செங்கோட்டை, தென்காசி, ராஜபாளையம் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போவது. நான்கு வழிச் சாலை இல்லை. இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் ஸ்கூட்டர்காரர் மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். நம் பக்கத்துக் கத்தரிக்காயும் வைக்கோலும் அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து அன்னாசியும் ரப்பரும் இந்தப் பக்கம் வரும். இதெல்லாம் அதிகாரிக்குத் தெரிந்ததே. சாலையின் ஓரம் எப்படிப்பட்டது என்பதற்காக எழுதுகிறேன். தார் முடிகிற இடத்துக்கும் மண்ணுக்கும் நடுவே சாண் உயரம் பள்ளம் இருக்கிறது.

ஞானபாக்கியம் என்பவரின் டீக்கடைக்கு நூறு அடி முன்னால் போகும்போது சாரல் விழ ஆரம்பித்தது. அர்ச்சனைக்கு வைத்திருந்த பூ நனையாமல் இருக்க, வண்டியை நிறுத்தாமல் இடது கையை மட்டும் எடுத்துக் கூடையின் மேல் முந்தானையை இழுத்து மூடினேன். செய்யக் கூடாத காரியம். இதையே என் மாணவி செய்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். அப்போது ஒரு பேருந்து என்னைக் கடந்து முன்னே போயிற்று. அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு திருமண வாழ்த்து நோட்டீஸ் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. மணமகன் பெயர் குற்றாலீஸ்வரன், மணமகள் பெயர் கிழிந்த பாதியில் போய்விட்டது. அது யாராக இருக்கும் என்று யோசித்தேன். அந்த நேரத்தில் முன் சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கியது. மேலே ஏற்றுவதற்காகக் கைப்பிடியைத் திருப்பினேன். சக்கரம் ஏறவில்லை, வண்டி சாய்ந்தது. விழும்போது எனக்குப் பின்னால் வண்டிச் சத்தம் இல்லை. எதிரே தூரத்தில் ஒரு லாரியின் முன்விளக்கு தெரிந்தது. அது தன் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

அதன் பின்பு எனக்குத் தெரிந்தவை மூன்றே. முதலாவது, என் வலது தோளை யாரோ இரண்டு விரலால் தட்டியது. இரண்டாவது, "அம்மச்சி, அம்மச்சி" என்ற குரல். மூன்றாவது, நான் கண் திறந்தபோது என் கால்மாட்டில் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே நின்றது. அதன் பிறகு மருத்துவமனையில்தான் கண் விழித்தேன். இவ்வளவுதான் நான் நேரில் அறிந்தது.

இனி எழுதுவது கேட்டு அறிந்தது. அதிகாரிக்குப் புரிவதற்காக ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு கட்டுரையில் மூன்று பத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியை நான் மட்டும் படித்தேன். இரண்டாம் பத்தியை ஜெனோ மட்டும் படித்தார். கூடிய கூட்டமும், புகார் கொடுத்த என் தம்பி மகனும் படித்தது மூன்றாம் பத்தியை மட்டுமே. மூன்றாம் பத்தியை மட்டும் படித்தவர்கள் முதல் இரண்டையும் தாங்களே எழுதிக்கொண்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

ஜெனோ அன்னாசிப் பழம் ஏற்றிக்கொண்டு தென்காசி சந்தைக்கு வந்திருக்கிறார். நான் விழுந்ததை எதிரே வரும்போது பார்த்திருக்கிறார். என் உடம்பு பாதி தாரில் கிடந்ததால், எனக்குப் பின்னால் தென்காசியிலிருந்து வரும் வண்டி சாரலில் என்னைக் கவனிக்காமல் ஏறிவிடும் என்று பயந்து, தன் லாரியை என் பக்கமாகக் குறுக்கே திருப்பி எனக்கு மறைவாக நிறுத்தியிருக்கிறார். லாரி தவறான பக்கத்தில் நின்றதற்குக் காரணம் இது. அதன் பின்பு இறங்கி வந்து என்னைத் தட்டிக் கூப்பிட்டு, தலையில் ரத்தம் வருவதைப் பார்த்துத் தன் இடுப்பில் இருந்த கைலியை அவிழ்த்து என் தலையில் இறுக்கிக் கட்டி, அரைக்கால் சட்டையுடன் டீக்கடைக்குத் தண்ணீர் கேட்டு ஓடியிருக்கிறார்.

அங்கே நடந்ததைப் பற்றி ஞானபாக்கியம், நான் வீடு திரும்பிய பிறகு, என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பன்னெண்டு வருசமா ரோட்டு மேல கடை போட்டிருக்கேன் டீச்சர். மலையாளத்துக்காரன் வெள்ளம்னா தண்ணி கேக்கான்னு எனக்குத் தெரியாதா? ஆனா முந்தின நாள்ல இருந்து மலையில ஒரே மழ. 'வெள்ளம், வெள்ளம்'னு கத்திக்கிட்டு ஒருத்தன் டவுசரோட ஓடி வந்தா நான் என்னத்த நெனைக்க? அருவியில வெள்ளம் வந்து இவன் கைலிய அடிச்சிட்டுப் போயிட்டுன்னுல்லா நெனச்சேன். பால்சட்டியத் தூக்கிக்கிட்டு நானும் ஓடப் பாத்தேன்." பிறகு அவர் விஷயம் புரிந்து தண்ணீர் கொடுத்திருக்கிறார். ஆம்புலன்சுக்கும், என்னைத் தெரியும் என்பதால் என் தம்பி மகன் சுந்தரபாண்டியனுக்கும் போன் செய்திருக்கிறார். ஜெனோ திரும்பி ஓடி, வருகிற வண்டிகளை நிறுத்துவதற்காக லாரியின் ஹாரனை விடாமல் அழுத்தியிருக்கிறார். அந்த ஹாரன் சத்தம் கேட்டுத்தான் கூட்டம் வந்தது. ஆகவே, ஹாரன் கேட்டது, பிறகு டீச்சர் கிடந்தார் என்று அவர்கள் சொல்வது அவர்கள் வரையில் உண்மை. ஹாரனுக்கு முன்பே நான் விழுந்துவிட்டேன் என்பதற்கு ஞானபாக்கியம் சாட்சி. அவரை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் பார்த்தது இதுதான்: தவறான பக்கத்தில் ஒரு கேரள லாரி, அடிபட்டுக் கிடக்கும் ஒரு வயதான பெண், டவுசருடன் நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒருவன். குடித்திருக்கிறான் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டதற்கு அவர் "அஞ்சல்" என்றிருக்கிறார். "அஞ்சலா? ஏலே, தபால்லயா வந்தே?" என்று ஒருவர் கேட்க, "ஸ்டாம்ப் ஒட்டித் திருப்பி அனுப்புங்கலே" என்று இன்னொருவர் சொல்ல, சிரிப்பாகியிருக்கிறது. அந்த நேரத்தில் சுந்தரபாண்டியன் பைக்கில் வந்து சேர்ந்திருக்கிறான்.

சுந்தரபாண்டியன், வயது 31, ராணுவத்தில் வேலை பார்க்கிறான், விடுமுறையில் வந்திருந்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லாததால் அவனே எனக்கு எல்லாம். அவன் ஜெனோவின் சட்டையைப் பிடித்து, "என்னலே செஞ்ச எங்க அத்தைய?" என்று கேட்டிருக்கிறான். அதற்கு ஜெனோ, "ஞான் தட்டி விளிச்சு" என்று பதில் சொல்லியிருக்கிறார். இந்த வழக்கு முழுவதும் இந்த மூன்று சொல்லின் மேல் நிற்கிறது. எதிரி சம்பவ இடத்திலேயே ஒப்புக்கொண்டதாகப் புகாரில் உள்ளது இதைத்தான்.

இதை இப்போது விளக்க வேண்டும். முதலாவது, நம் ஊரில் "வண்டி தட்டிட்டு" என்றால் மோதிவிட்டது என்று பொருள். இரண்டாவது, நம் பக்கத்து நாக்கில் ழகரம் வராது. மழையை மளை என்போம், பழத்தைப் பளம் என்போம், விழுந்துச்சு என்பதை விளுந்துச்சு என்போம். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் முப்பத்தைந்து பேருக்கு இதே கதை. சுந்தரபாண்டியன் எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் தமிழ் படித்தான். அவன் நோட்டில் ழகரத்தைத் திருத்தினேன், நாக்கில் திருத்த முடியவில்லை. ஆகவே ஜெனோ "தட்டி விளிச்சு" என்றது அவன் காதில் "தட்டி விளுந்துச்சு" என்று விழுந்தது. அதாவது, நான் மோதினேன், அவர் விழுந்தார் என்று.

ஆனால் மலையாளத்தில் விளிப்பது என்றால் கூப்பிடுவது. நமக்கும் அது அந்நியச் சொல் அல்ல. எட்டாம் வேற்றுமைக்கு விளி வேற்றுமை என்று பெயர். 'மகளே', 'தம்பீ' என்று ஒருவரைக் கூப்பிடும்போது வருவது. நாம் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்த அந்தச் சொல், மலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலும் பேருந்திலும் தினமும் புழங்குகிறது. ஜெனோ சொன்னதன் பொருள்: நான் தட்டிக் கூப்பிட்டேன்.

இது எனக்குத் தெரிய வந்தது 31.07.2025 வியாழக்கிழமை. அன்று மருத்துவமனையில் என் வார்டு வாசலில் சத்தம் கேட்டது.

"ஏலே, ஒனக்கு இங்கன என்னலே ஜோலி? பேசுதத ஸ்டேஷன்ல போய்ப் பேசு" என்றது சுந்தரபாண்டியன் குரல்.

"அம்மச்சிய ஒந்நு கண்டிட்டு பொய்க்கோளாம் சேட்டா" என்றது இன்னொரு குரல். ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று பொருள்.

'அம்மச்சி' என்று சொன்ன அந்தக் குரலை நான் உடனே அறிந்துகொண்டேன். பெயர் தெரியாத, முகம் சரியாகப் பார்க்காத அந்த மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது என்று ஒன்பது நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை உள்ளே விடச் சொன்னேன். சுந்தரபாண்டியன், "அத்தை, இவந்தான் ஒங்கள அடிச்சுப் போட்டவன்" என்றான். எனக்குக் குழப்பமாக இருந்தது. என்னை யாரும் இடிக்கவில்லையே என்றேன். "அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். வேணும்னா இப்பம் கேளுங்க" என்றான்.

நான் ஜெனோவிடம், அன்றைக்கு என்ன சொன்னாய் தம்பி என்று கேட்டேன். அவர் சுந்தரபாண்டியனின் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்று, "ஞான் தட்டி விளிச்சு" என்றார்.

"பாத்தீங்களா! இப்பமும் சொல்லுதான் பாருங்க, தட்டி விளுந்துச்சுன்னு!" என்றான் சுந்தரபாண்டியன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் வலித்தது. பிறகு நான் ஜெனோவிடம், வாயால் சொல்ல வேண்டாம், அன்றைக்குச் செய்ததை அப்படியே செய் என்றேன். அவர் என் இடது பக்கக் கட்டைப் பார்த்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, குனிந்து, என் தோளில் இரண்டு விரலால் தட்டி, "அம்மச்சி" என்று கூப்பிட்டார். ஊசி போட வரும் நர்ஸ் இதைவிடப் பலமாகத் தட்டுவார்.

சுந்தரபாண்டியன், "விளிச்சுன்னா கூப்பிட்டதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

"அத்தை, அன்னைக்கி இவன் அத மூணு வாட்டி சொன்னான். எனக்கு விளங்கலன்னு திருப்பித் திருப்பிச் சொல்லிருக்கான். நான் மூணு வாட்டியும் அறைஞ்சேன்" என்றான்.

அதற்கு ஜெனோ, "சாரமில்ல சேட்டா, சாரமில்ல" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். சுந்தரபாண்டியன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்து, "சாரல் இல்லங்கான்? வெளிய தூறிக்கிட்டுல்லா இருக்கு" என்றான். அருகில் இருந்த நோயாளிகள் எல்லோரும் சிரித்தார்கள். ஜெனோவும் சிரித்தார். சுந்தரபாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வெளியே போய் ஜெனோவுக்கு டீ வாங்கி வந்து, கையில் கொடுக்காமல் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றான்.

அதன் பின்பு, என் தலையில் கட்டியிருந்த துணியை ஆம்புலன்சில் வந்தவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுந்தரபாண்டியனிடம் கொடுத்திருந்தது நினைவுக்கு வந்தது. டீக்கடைத் துணி என்று எண்ணி அவன் அதைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தோம். நீலக் கட்டம் போட்ட கைலி. துவைக்காமல் இத்துடன் ஒப்படைக்கிறேன். அந்தக் கட்டு அவ்வளவு இறுக்கமாக இல்லாதிருந்தால் இன்னும் நிறைய ரத்தம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவரையும் விசாரிக்கலாம். ஒருவரை இடித்துவிட்டுத் தப்பிக்க நினைப்பவர் இடுப்புத் துணியை அவிழ்த்துக் கட்டிவிட்டு, டவுசருடன் அங்கேயே நின்று ஹாரன் அடிப்பாரா என்பதை அதிகாரி அவர்களே யோசிக்க வேண்டும். என் ஸ்கூட்டரின் இடது பக்கம் மட்டுமே சிராய்ப்பு இருக்கிறது. அது மண்ணில் விழுந்த பக்கம். லாரியின் பம்பரில் உள்ள நசுங்கல் பழையது, உள்ளே துருப் பிடித்திருக்கிறது என்று சுந்தரபாண்டியன் நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

சுந்தரபாண்டியன் தன் புகாரைப் பற்றிப் பயப்படுகிறான். தவறான புகார் கொடுத்ததாகத் தன் மேலதிகாரிகளுக்குத் தகவல் போனால் என்ன ஆகும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். "அத்தை, நான் பொய் எழுதிக் குடுக்கல. காதுல விளுந்ததத்தான் எழுதினேன்" என்றான். காதில் விழுந்தது உண்மைதான், ழகரம்தான் விழவில்லை என்றேன். நேற்று மாலை நான் இதை எழுத உட்கார்ந்தபோது, அறைந்ததை விட்டுவிடட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்க. மூணுன்னே எழுதுங்க" என்றான். எழுதியிருக்கிறேன். அதற்காக அவன் மேல் புகார் எதுவும் இல்லை என்று ஜெனோ தனியே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆத்திரத்தில் கை ஓங்கியவனும் என் மேல் உள்ள அன்பினாலேயே ஓங்கினான் என்பதை அதிகாரி அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

நான் விழுந்ததற்கு நானும் தார் விளிம்புமே காரணம். விழுந்த என்னைப் பல பேர் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பால்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்த ஞானபாக்கியம், ஆம்புலன்சில் வழி முழுவதும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பெயர் தெரியாத பெண், தையல் போட்ட டாக்டர், ஒன்பது இரவும் தரையில் படுத்துக் கிடந்த சுந்தரபாண்டியன் ஆகியோருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லோருக்கும் முன்னால் வந்தவர் ஜெனோ. நான் யார், எந்த ஊர், என்ன பாஷை என்று தெரியாமல், பழம் அழுகும், சந்தை தவறும் என்று தெரிந்தும் நிறுத்தினார். அவருக்குப் புதுக் கைலி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று மூன்று முறை மறுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பது என் கையில் இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்கும்படியும், அவருடைய உரிமத்தையும் லாரியையும் திரும்ப ஒப்படைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் நேரில் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. இரண்டு முறை வாசித்துப் பார்த்து, பிழை இல்லை என்று கண்டு, 06.08.2025 புதன்கிழமை மேலகரத்தில் என் வீட்டில் வைத்துக் கையொப்பமிடுகிறேன்.

அதிகாரி அவர்களுக்கு ஒன்று: இதை நம்புவதற்குத் தயக்கம் இருந்தால், ஜெனோவை அழைத்து அன்று என்ன சொன்னாய் என்று கேட்க வேண்டாம். நீங்கள் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, அன்று செய்ததை உங்கள் தோளில் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.

(ஒப்பம்)
நெ. முத்துவடிவு